அழையாமல் வரும் ஸ்வரங்கள்

மின் கிதாரை ஆம்ப்பில் இணைத்து, ஐந்தாவது தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டை அழுத்தி ஒருமுறை பலமாக மீட்டுங்கள். இரண்டு விநாடி கழித்து அந்தத் தந்தியை மட்டும் விரலால் தொட்டு நிறுத்துங்கள்; வேறு எதிலும் கை படக் கூடாது. ஒலி நிற்காது. கொஞ்சம் மெலிந்து, அதே சுருதியில் தொடரும். கூடவே மேல் ஸ்தாயியில் சன்னமாக ஒரு குரலும் கேட்கும். அது முதல் தந்தி. அதையும் தொட்டு நிறுத்திவிடுங்கள். இப்போது மிச்சமிருக்கும் ஒலி, நீங்கள் மீட்டவே மீட்டாத ஆறாவது தந்தியிலிருந்து வருகிறது.

அதை உறுதிசெய்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆறாவது தந்தியின் மேல், பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக, விரல் நுனியை அழுத்தாமல் வையுங்கள். ஒலி அப்படியே இருக்கும். அதே விரலை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நேராகக் கொண்டுபோய்த் தொடுங்கள். சட்டென்று அடங்கிவிடும். ஒரே தந்தி, ஒரே விரல். ஓரிடத்தில் தொட்டால் கவலைப்படுவதில்லை, இன்னோரிடத்தில் தொட்டால் வாய் மூடுகிறது.

காரணம் எளிய கணக்குதான். ஐந்தாவது தந்தி ஏழாவது ஃப்ரெட்டில் தரும் ஸ்வரம் ஈ, விநாடிக்கு 164.8 அதிர்வு. ஆறாவது தந்தியை அழுத்தாமல் மீட்டினால் 82.4. ஆனால் அந்தத் தந்தி முழு நீளத்துக்கும் ஒரே வளைவாக அதிர்வதோடு, இரண்டு சம பாதிகளாகப் பிரிந்தும் அதிரக்கூடியது. அப்போது அதிர்வெண் இரட்டித்து 164.8 ஆகிறது. ஐந்தாவது தந்தியின் அசைவு பிரிட்ஜ் வழியாகவும் கழுத்துக் கட்டை வழியாகவும் சின்னச் சின்னத் தள்ளல்களாக வந்து சேர, ஆறாவது தந்தி இந்த இரண்டு பாதி வடிவத்தில் ஆடத் தொடங்குகிறது. இதுதான் ஒத்ததிர்வு. பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே கணு, அதாவது தந்தி அசையாத இடம். அசையாத இடத்தில் விரல் வைத்தால் நஷ்டமில்லை. ஐந்தாவது ஃப்ரெட் கால் பங்கில் இருக்கிறது; அங்கேதான் ஆட்டம் உச்சம்.

17-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் நோபிள், தாமஸ் பிகட் என்ற இருவர் இதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். தந்தியின் மேல் சிறு காகிதத் துண்டுகளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் வேறொரு தந்தியை மீட்டினார்கள். சில இடங்களில் காகிதம் துள்ளியது, சில இடங்களில் அசையாமல் இருந்தது. கணிதவியலாளர் ஜான் வாலிஸ் 1677-இல் இதை ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ் இதழுக்கு எழுதினார். இன்றைக்கு கிதாரில் வேண்டாத ஒலியைத் தேடுபவர் செய்வதும் அதே சோதனைதான். காகிதத்துக்குப் பதில் விரல்.

கிதார் வாசிப்பவர்களின் புலம்பல்களில் பாதி இந்த அழையாத ஒலிகளைப் பற்றியது. ‘எங்கேயோ ஒரு ரீங்காரம்’, ‘ஸ்வரம் அலைகிறது’, ‘ஏதோ சிதார் மாதிரி கேட்கிறது’ என்பார்கள். புது பிக்கப் வாங்குவார்கள், ஆம்ப்பை மாற்றுவார்கள். கிதாரில் பிறக்கும் எந்த ஒலிக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. அது எந்தத் தொடுதலுக்கு அடங்குகிறது என்று பார்த்தால் பிறப்பிடம் தெரிந்துவிடும். செலவு அதற்குப் பிறகுதான்.

ஒரு தந்தி, பல ஸ்வரங்கள்

இரு முனையும் கட்டப்பட்ட தந்தி தன் நீளத்தில் முழு எண்ணிக்கையான வளைவுகளாக மட்டுமே நிலைத்து அதிர முடியும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று. ஐந்தாவது தந்தியான ஏ-யின் அடிப்படை அதிர்வெண் 110 ஹெர்ட்ஸ். அதை ஒருமுறை மீட்டும்போது 110, 220, 330, 440, 550, 660, 770 எல்லாம் ஒரே நேரத்தில் எழுகின்றன. முதலாவது அடிப்படை ஸ்வரம். மேலே உள்ளவை மேற்சுரங்கள். அடிப்படையையும் சேர்த்து வரிசையாக எண்ணும்போது இவை முதல் சீரிசை, இரண்டாம் சீரிசை என்று பெயர் பெறும். இவை குறையோ கோளாறோ அல்ல. கிதாரின் ஏ-க்கும் புல்லாங்குழலின் ஏ-க்கும் நம் காது வித்தியாசம் காண்பதில் இந்த மேற்சுரங்களின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு.

எது எவ்வளவு எழும் என்பதை மீட்டும் இடம் தீர்மானிக்கிறது. ஒரு மேற்சுரத்தின் கணு விழும் இடத்தில் மீட்டினால் அந்த மேற்சுரம் எழாது என்று இயற்பியலாளர் தாமஸ் யங் 1800-இல் காட்டினார். தந்தியின் நடுவில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் காணாமல் போய் ஒலி உருண்டையாகிறது. பிரிட்ஜ் ஓரத்தில் மீட்டினால் கூர்மையாகிறது.

மின் கிதாரில் இதே விதி இன்னொரு முறையும் வேலை செய்கிறது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். தனக்கு நேர் மேலே தந்தி எவ்வளவு அசைகிறதோ அதை மட்டுமே அது மின்சாரமாக மாற்றும். ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் தந்தியின் அதிரும் நீளம் 648 மி.மீ. பிரிட்ஜிலிருந்து 40 மி.மீ. தள்ளி ஒரு பிக்கப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் அடிப்படை ஸ்வரத்தின் அசைவு, அதன் உச்ச அசைவில் 19 விழுக்காடுதான். ஐந்தாம் சீரிசையின் அசைவோ அதன் உச்சத்தில் 82 விழுக்காடு. கழுத்துப் பக்கம், தந்தியின் கால் பங்கில் இருக்கும் பிக்கப்புக்கு இரண்டுமே 71 விழுக்காடு. அடிப்படை ஸ்வரத்தோடு ஒப்பிட்டால், பிரிட்ஜ் பிக்கப் ஐந்தாம் சீரிசையை நாலு மடங்குக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. ஸ்விட்சை மாற்றியதும் ஒரு தொல்லை குறைந்துவிட்டால், தொல்லை தீர்ந்ததாக அர்த்தமில்லை. அதைக் கேட்காத இடத்துக்குக் காதை நகர்த்தியிருக்கிறோம்.

ஆம்ப்பில் கேட்கிறதா, அறையில் கேட்கிறதா?

தேடலின் முதல் கேள்வி இது. ஆம்ப்பை அணைத்துவிட்டு வாசித்தால் ஃப்ரெட்டில் தந்தி உரசும் சத்தம் பல கிதார்களில் கேட்கும். ஆம்ப்பை ஏற்றியதும் அதில் பெரும்பகுதி காணாமல் போகும், பிக்கப் அதைப் பொருட்படுத்தாததால். ஆம்ப்பில் வராத சத்தத்துக்காகக் கழுத்தைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

இரண்டாவது கேள்வி: எந்தத் தந்தியும் ஒலிக்காதபோதும் சத்தம் இருக்கிறதா? இருந்தால் அது மேற்சுரமே இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 100, 150 எல்லாம் சேர்ந்து ஆம்ப்பில் ‘ஊம்’ என்று வரும். தந்தியில் கை வைத்ததும் அது குறைகிறதென்றால் வயரிங்கையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். பிக்கப்பின் மேல் நகத்தால் தட்டினால் மைக்கில் தட்டியதுபோல் ஆம்ப்பில் கேட்டால், உள்ளே சுருள் தளர்ந்திருக்கிறது. சுருளை உருகிய மெழுகில் அமிழ்த்தி எடுப்பது அதற்கான பழைய வைத்தியம்.

மூன்றாவது, தந்தியின் வயது. மின் கிதாரின் தடித்த தந்திகள் எஃகு உட்கம்பியின் மேல் நிக்கல் பூசிய கம்பியைச் சுற்றிச் செய்யப்படுபவை. சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறும். ஃப்ரெட் படும் இடங்களில் அடிப்பக்கம் பள்ளம் விழும். எடை நீளம் முழுவதும் ஒரே சீராக இருந்தால்தான் மேற்சுரங்கள் சரியான முழு மடங்குகளில் அமையும். ஓரிடம் கனத்து ஓரிடம் தேய்ந்தால் மடங்கு பிசகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்து எழுப்பும் ஸ்வரத்தையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். சரியாக அமைத்திருந்த கிதாரில் இவை திடீரென்று ஒத்துவராமல் போனால், தந்தி தீர்ந்துவிட்டது. புதிய தந்தி போட்டுப் பார்ப்பதே எல்லாவற்றிலும் மலிவான சோதனை. அதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

புதிய தந்தியிலும் மடங்குகள் நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. எஃகு விறைப்பானது. மேலே போகப் போக வளைவுகள் சின்னதாகின்றன. சின்ன வளைவில் கம்பி வளைய மறுக்கிறது. அதனால் உயர்ந்த மேற்சுரங்கள் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே ஏறி நிற்கும். தடித்த தந்தியை ஒரே கம்பியாகச் செய்யாமல் மெல்லிய உட்கம்பியின் மேல் சுற்றிச் செய்வதே இந்த விறைப்பைத் தவிர்க்கத்தான். சுற்றில்லாத தந்திகளில் தடித்தது பெரும்பாலான கிதார்களில் மூன்றாவது தந்தியான ஜி. சுருதி சேர்க்கும்போது அது மற்றவற்றைவிட அதிகமாகப் படுத்துவதில் இந்த விறைப்புக்கும் பங்குண்டு.

மேடைக்கு வெளியே பாடுபவை

கழுத்தின் தலைப்பக்க நுனியில் தந்திகளைத் தாங்கும் நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் இருப்பதைத்தான் நாம் தந்தி என்று நினைக்கிறோம். ஆனால் நட்டைத் தாண்டி ட்யூனிங் கீ வரை ஒரு துண்டு ஓடுகிறது. அதுவும் இழுவிசையில்தான் இருக்கிறது. மூன்றாவது தந்தியின் அந்தத் துண்டு 100 மி.மீ. நீளம் என்று கொள்வோம். இழுவிசை ஏறக்குறைய ஒன்றே. நீளம் மட்டும் 6.48 மடங்கு குறைவு. ஆகவே அதன் அதிர்வெண் 196-ஐ 6.48-ஆல் பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 1,270 ஹெர்ட்ஸ். டி ஷார்ப்புக்கும் ஈ-க்கும் நடுவே, எந்தப் பாட்டிலும் சேராத ஓர் இடம். பிக்கைக் கூர்மையாக அடித்து உடனே தந்தியை நிறுத்தும் வாசிப்பில், இடைவெளி மௌனமாக இருக்க வேண்டிய கணத்தில், இது ‘டிங்’ என்று தலைகாட்டும். அந்த நடுக்கம் நட்டைத் தாண்டி முக்கியத் தந்திக்குள் கசிந்து பிக்கப்பை அடைகிறது.

இயல்பான ஒலியில் இது யாருக்கும் கேட்காது. டிஸ்டார்ஷன் ஏற்றும்போதுதான் சிக்கல். ஆம்ப் உரத்த ஒலியின் உச்சியை வெட்டிவிட்டு மெல்லிய ஒலியை மட்டும் தூக்குகிறது. வகுப்பில் கத்தும் பையனின் வாயைப் பொத்தியதும் பின்பெஞ்சின் கிசுகிசுப்பு எல்லாம் கேட்க ஆரம்பிப்பதுபோல. வைத்தியமோ மிக மலிவு. நட்டுக்குப் பின்னால் தந்திகளுக்கு இடையே ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகலாம். தலைமுடிக்குப் போடும் துணி ரப்பர் பேண்டைச் சுற்றலாம். ஸ்டுடியோக்களில் பெரிய வாசிப்பாளர்களின் கிதாரிலும் இந்த ரப்பர் பேண்டைப் பார்க்கலாம்.

பிரிட்ஜுக்குப் பின்னாலும் இதே கதை. ஃபெண்டர் 1958-இல் கொண்டுவந்த ஜாஸ்மாஸ்டரிலும் 1962-இல் கொண்டுவந்த ஜாகுவாரிலும் பிரிட்ஜுக்கும் தந்தி கட்டப்படும் இடத்துக்கும் நடுவே கணிசமான நீளம் உண்டு. அங்கே ஒலிக்கும் மணிச் சத்தம் பலருக்குத் தலைவலி. நியூயார்க்கின் சோனிக் யூத் குழுவினர் அந்தத் துண்டையே வேண்டுமென்று மீட்டி, அதைத் தங்கள் இசையின் அடையாளங்களில் ஒன்றாக்கிக்கொண்டார்கள்.

ஸ்ட்ராடோகாஸ்டரின் முதுகில் ஒரு மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே பெரும்பாலும் மூன்று, சிலவற்றில் ஐந்து ஸ்பிரிங்குகள். ட்ரெமோலோ பிரிட்ஜைத் தந்திகளின் இழுப்புக்கு எதிராகப் பிடித்து நிறுத்துபவை. ஆறு தந்தியையும் இடது கையால் மூடிக்கொண்டு வலது கையால் பலமாக ஒரு வெட்டு வெட்டுங்கள். ‘டக்’ என்று முடிய வேண்டிய சத்தத்துக்குப் பின்னால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதாக ஒரு வால் நீண்டால், ஸ்பிரிங்குகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மறுபடியும் வெட்டுங்கள். வால் அறுந்துவிட்டால் ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. ஸ்பிரிங்குக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைக்கலாம், உள்ளே டிஷ்யூ பேப்பரைச் சுருட்டித் திணிக்கலாம். இதில் ஒரு வேடிக்கை: 1960-களில் இதே ஃபெண்டர் நிறுவனம் தன் ஆம்ப்புகளுக்குள் ஸ்பிரிங்குகளை வேண்டுமென்றே வைத்து, ரிவெர்ப் என்ற எதிரொலியை உண்டாக்கி விற்றது. கிதாரின் முதுகில் தொல்லை கொடுப்பதும் அதே இயற்பியல்தான்.

அத்தியாயத்தின் தொடக்கத்தில் பார்த்த ஒத்ததிர்வுக்கு ஸ்பாஞ்ச் உதவாது; அங்கே ஒலிப்பது வாசிக்க வேண்டிய தந்தியே. வலது உள்ளங்கையின் ஓரம் தடித்த தந்திகளின் மேலும், இடது கை விரல்களின் அடிப்பாகம் மெல்லிய தந்திகளின் மேலும் எப்போதும் லேசாகப் படிந்திருக்க வேண்டும். கிதார் கற்பவர் ஸ்வரத்தை எழுப்பச் சில மாதங்களில் பழகிவிடுகிறார். எழுப்பாத ஐந்து தந்திகளைச் சும்மா இருக்கவைக்கக் கை பழகுவதற்கு வருடங்கள் ஆகும்.

தம்புராவுக்கு ஜீவன், கிதாருக்கு நோய்

‘சிதார் மாதிரி கேட்கிறது’ என்ற புகாருக்குத் தனி வரலாறு உண்டு. மீட்டும் இடத்தில் கணு விழும் மேற்சுரம் எழாது என்ற யங்கின் விதியை 19-ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விரித்துரைத்தார். மேலை நாட்டுத் தந்திக் கருவிகளில் அது பொருந்தியது. கல்கத்தாவில் இருந்த சர் சி.வி. ராமன் தம்புராவையும் வீணையையும் எடுத்துச் சோதித்து, 1921-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எழக் கூடாத மேற்சுரங்கள் இந்தக் கருவிகளில் தாராளமாக எழுகின்றன என்பது அவர் கண்ட முடிவு.

காரணம் பிரிட்ஜின் வடிவம். வயலினில் தந்தி ஒரு கூர்மையான விளிம்பைத் தாண்டிப் போகிறது. தம்புராவிலும் சிதாரிலும் தந்தி அகலமான, மெல்ல வளைந்த பரப்பின் மேல் படுத்துப் போகிறது. தம்புராவில் இடையே ஜீவா எனப்படும் நூலைச் செருகி, தந்தி பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலைக்குக் கொண்டுவருகிறார்கள். தந்தி கீழே வரும்போது பரப்பில் படிகிறது, மேலே போகும்போது விலகுகிறது. ஒவ்வொரு அதிர்விலும் தந்தியின் நீளம் துளி கூடிக் குறைகிறது. இந்தத் தொடுதலும் விலகலும் அடிப்படை ஸ்வரத்தின் ஆற்றலை எடுத்து மேற்சுரங்களுக்குப் பங்கிட்டுக்கொண்டே இருக்கின்றன. தம்புராவை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் ஒலி அடங்குவதற்குப் பதில் மலர்வதாகத் தோன்றுவது இதனால்தான்.

கிதாரின் நட்டில் உள்ள பள்ளம் தவறாக அறுக்கப்பட்டால், யாரும் கேட்காமலே ஒரு குட்டித் தம்புரா உருவாகிவிடுகிறது. பள்ளத்தின் அடிப்பகுதி ட்யூனிங் கீ பக்கம் சரிந்து, தந்தி நட்டின் முன் விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டும். பள்ளம் தட்டையாகவோ எதிர்ப்பக்கம் சரிந்தோ இருந்தால் தந்தி விளிம்புக்கு உள்ளேயே எங்கோ கிளம்பி, போகும் வழியில் பரப்பை உரசிக்கொண்டு போகும்.

நட்டா, பிரிட்ஜின் சாடிலா, ஃப்ரெட்டா என்று பிரித்தறிவது எளிது. தந்தியை அழுத்தாமல் மீட்டுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்தாதபோது மட்டும் ரீங்காரம் இருந்தால் நட். எங்கே அழுத்தினாலும் விடாமல் தொடர்ந்தால், எல்லா ஸ்வரங்களுக்கும் பொதுவான மறுமுனை, அதாவது சாடில். குறிப்பிட்ட சில ஃப்ரெட்டுகளில் மட்டும் வந்தால், அந்த ஃப்ரெட்டுகளின் தலை தேய்ந்து தட்டையாகியிருக்கும், அல்லது கழுத்தின் வளைவு பிசகியிருக்கும்.

ஃப்ரெட்டின் தலை உருண்டையாக இருந்தால் தந்தி ஒரே கோட்டில் தொடும். தட்டையாகிவிட்டால் அதுவும் தம்புரா பிரிட்ஜ்தான். பழுது பார்ப்பவர் அதை அரத்தால் ராவி மறுபடி உருட்டுவார். கழுத்தின் கதை வேறு. அதிரும் தந்தியின் வீச்சு நடுவில்தான் அதிகம். அதற்கு வழிவிடக் கழுத்து நடுவே துளி உள்வாங்கி இருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசிப் பக்கத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுகளின் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு வெளிச்சம் தெரிய வேண்டும். காற்றில் ஈரம் கூடிக் குறையும்போது இந்த வெளிச்சமும் மாறும். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடை ஒரு நேரத்தில் கால் திருகுக்கு மேல் திருகாமல் சரிசெய்வது பாதுகாப்பு.

ஆழமாக அறுபட்ட நட் பள்ளத்துக்குப் பழுது பார்ப்பவர்களிடம் ஒரு கைமருந்து உண்டு. பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி, அதன் மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ விடுவார்கள். நொடியில் கல்லாக இறுகும். பிறகு மெல்லிய அரத்தால், தலைப்பக்கம் சரியும்படி, புதிதாகப் பள்ளம் வெட்டுவார்கள்.

காந்தத்தின் இழுப்பு

ஆறாவது தந்தியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு ஸ்வரம் பிடிக்கிறீர்கள். அது ஒரே ஸ்வரமாக நிற்காமல், இரண்டு ஸ்வரங்கள் ஒன்றையொன்று தள்ளுவதாக அலைகிறது. ட்யூனரின் முள் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. ஸ்ட்ராடோகாஸ்டர்களில் இது அடிக்கடி வருவதால் கிதார்காரர்கள் இந்த நோய்க்கே ‘ஸ்ட்ராடைட்டிஸ்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

தந்தி மேலும் கீழுமாக அசையலாம், பக்கவாட்டிலும் அசையலாம்; மீட்டும்போது பெரும்பாலும் இரண்டும் கலந்தே நடக்கும். பிக்கப்பின் காந்தம் எஃகுத் தந்தியைக் கீழே இழுக்கிறது. தந்தி காந்தத்தை நெருங்க நெருங்க இழுப்பு கூடுகிறது. நடுநிலைக்குத் திரும்ப முயலும் தந்தியை அது தடுக்கிறது. ஆகவே மேல்கீழ் அசைவின் அதிர்வெண் சற்றே குறைகிறது. பக்கவாட்டு அசைவு அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. ஒரே தந்தியில் இரண்டு அதிர்வெண்கள். இரண்டுக்கும் இடையே விம்மல். போதாக்குறைக்கு இந்த இழுப்பு அடிப்படை ஸ்வரத்தைத் தாழ்த்தும் அளவுக்கு உயர்ந்த மேற்சுரங்களைத் தாழ்த்துவதில்லை. அதனால் முழு மடங்குக் கணக்கே குலைந்து, மேற்சுரங்கள் அடிப்படை ஸ்வரத்தோடு சண்டையிடுகின்றன.

மேல் ஃப்ரெட்டுகளில் இது மோசமாவதற்கும் காரணம் உண்டு. அங்கே அழுத்தும்போது தந்தி காந்தத்தின் பக்கம் தாழ்கிறது. அதிரும் நீளமும் சுருங்கி, காந்தம் இருக்கும் இடம் தந்தியின் நடுவை நெருங்குகிறது. தடித்த தந்தியில் எஃகு அதிகம் என்பதால் இழுப்பும் அதிகம். ஹம்பக்கர் வகைப் பிக்கப்பில் காந்தம் சுருளுக்கு அடியில் படுத்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

சோதனைக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். மூன்று பிக்கப்பையும் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கிவிட்டு, அதே ஸ்வரத்தைப் பிடியுங்கள். அலைச்சல் நின்றுவிட்டால் நோய் இதுவே. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அலைச்சல் திரும்புவதற்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்த நிலையில் தந்தியின் அடிக்கும் காந்தத்தின் தலைக்கும் நடுவே 2 முதல் 2.5 மி.மீ. இருப்பது நல்ல தொடக்கம். தடித்த தந்திப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். பிக்கப்பை நெருக்கினால் ஒலி பெரிதாகும் என்பது உண்மை. அந்த ஆசையில்தான் பெரும்பாலான கிதார்கள் இந்த நோயை வாங்கிக்கொள்கின்றன.

செத்த இடம்

சில சமயம் வேண்டாத மேற்சுரம் கூடுவதில்லை. வேண்டிய அடிப்படை ஸ்வரம் செத்துப்போகிறது. ஒரு குறிப்பிட்ட ஃப்ரெட்டில் மட்டும், மீட்டிய கணத்திலேயே ஸ்வரம் வற்றி, அதன் மேல் ஸ்தாயி மட்டும் மிதக்கும். ஃபெண்டர் வகை பேஸ் கிதாரில் ஜி தந்தியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரை இது பேர்போனது. 1990-களில் ஜெர்மனியின் ஹெல்முட் ஃப்ளைஷர் கழுத்தின் அசைவை இடம் இடமாக அளந்து இதை விளக்கினார். கழுத்து நீண்ட மரச் சட்டம்; அதற்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. தந்தியின் அடிப்படை அதிர்வெண் அதில் ஒன்றோடு ஒத்துப்போய், அழுத்திய ஃப்ரெட்டும் கழுத்து நன்றாக அசையும் இடமாக இருந்துவிட்டால், தந்தியின் ஆற்றல் கழுத்துக்குள் ஓடிவிடுகிறது. மேற்சுரங்களின் அதிர்வெண் வேறு என்பதால் அவை தப்பித்துக்கொள்கின்றன.

கிதாரின் தலைப்பகுதியில் ஒரு சிறு தச்சு க்ளாம்ப்பை, மரத்தில் தழும்பு விழாமல் துணி வைத்து, மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் கழுத்தின் அதிர்வெண் இறங்கும். செத்த இடமும் ஒன்றிரண்டு ஃப்ரெட் கீழே நகரும். நகர்ந்தால் குற்றம் கழுத்தின்மேல்தான். முழுமையாக ஒழிக்க முடியாது. அடிக்கடி வாசிக்காத ஓர் இடத்துக்கு அனுப்பிவைக்கலாம்.

எந்தத் திருகும் தீர்க்காத ஒன்று

தந்தி புதிது, நட் சரி, ஸ்பிரிங் அடங்கிவிட்டது, பிக்கப் இறங்கிவிட்டது, கை பழகிவிட்டது. இப்போது டிஸ்டார்ஷனை ஏற்றி, ஏ-யையும் அதற்கு மேலுள்ள சி ஷார்ப்பையும் சேர்த்து மீட்டுங்கள். சுத்தமான ஒலியில் இனித்த அதே ஜோடி இப்போது கரகரவென்று அரைக்கும். எதைத் தொட்டாலும் அடங்காது, தந்திகளையே நிறுத்தினால் தவிர. இது கிதாரின் குற்றமில்லை, கணக்கின் குற்றம்.

ஏ 110 ஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் சீரிசை 550. சி ஷார்ப் 138.59, அதன் நான்காம் சீரிசை 554.37. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க வேண்டியவை. ஆனால் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிக்கும் மேலை முறையில், ஃப்ரெட்டுகள் இந்த ஜோடியைத் துளி விலக்கியே வைத்திருக்கின்றன. விநாடிக்கு நான்குக்கு மேல் விம்மல். சாதாரண ஒலியில் மேற்சுரங்கள் மெலிந்திருப்பதால் காது மன்னித்துவிடும். டிஸ்டார்ஷன் அவற்றைத் தூக்கி முன்னால் நிறுத்திவிடுகிறது.

டிஸ்டார்ஷன் இன்னொரு வேலையும் செய்கிறது. ஒலியின் உச்சியை வெட்டும்போது, உள்ளே வந்த இரண்டு அதிர்வெண்களின் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும் புதிய ஸ்வரங்களை அது உண்டாக்குகிறது. ஏ-க்கும் சி ஷார்ப்புக்கும் வித்தியாசம் 28.59. மடங்குக் கணக்குப்படி அது ஏ-யின் இரண்டு ஸ்தாயி கீழே, 27.5-இல் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, அதனால் அடியில் ஒரு கலங்கல்.

சி ஷார்ப்பை விட்டுவிட்டு, ஏ-யோடு அதற்கு மேலுள்ள ஈ-யை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஏ-யின் மூன்றாம் சீரிசை 330. ஈ-யின் இரண்டாம் சீரிசை 329.63. விம்மல் மூன்று விநாடிக்கு ஒன்று என்ற அளவுக்கு மந்தம். வித்தியாசமோ 164.81-இலிருந்து 110 போக 54.81, ஏ-யின் ஒரு ஸ்தாயி கீழான 55-க்குக் கிட்டத்தட்ட நேர் மேலேயே வந்து உட்கார்கிறது. கிதாரின் மிகத் தடித்த தந்தியே 82-க்குக் கீழே போகாது. அப்படியிருக்க, யாரும் மீட்டாத 55 ஹெர்ட்ஸ் ஆம்ப்பிலிருந்து வயிற்றில் வந்து இடிக்கிறது.

ராக் இசையின் பவர் கார்டு இந்த இரண்டு ஸ்வரங்கள்தான். கிதார் கலைஞர் லிங்க் ரே 1958-இல் ‘ரம்பிள்’ பதிவில் கரகரப்பான ஒலிக்காக ஆம்ப்பின் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டதும், இன்னொரு கிதார் கலைஞர் டேவ் டேவிஸ் 1964-இல் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறியதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து அல்ல. காது சொன்னதைக் கேட்டு. மூன்று ஸ்வரக் கார்டிலிருந்து நடு ஸ்வரத்தை எடுத்துவிட்டார்கள். அதோடு 28.59 போனது, 55 தங்கியது.